ஸ்டீவ் காப்பெல்: தானே எழுந்து போன மேனேஜர்

கேள்வி இதுதான்: "2016-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் காப்பெல் இங்கிலாந்தில் உண்மையிலேயே பெரிய ஆளா? மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்து அணி என்றெல்லாம் சொல்கிறார்கள். ஆனால் மேனேஜராகப் பெரிய கிளப் எதிலும் நிலைத்த மாதிரி தெரியவில்லையே?"

பெரிய ஆள்தான். நிலைக்காததற்கு முக்கால்வாசி காரணம் அவரேதான். இங்கிலாந்தில் மேனேஜர்கள் பொதுவாக, கிளப் முதலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளும் வரை நாற்காலியை விடமாட்டார்கள். தள்ளினால்தான் மிச்ச ஒப்பந்தத்துக்கான பணம் கைக்கு வரும். காப்பெல் தானாகவே எழுந்து போனவர், அதுவும் ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. அவருடைய வரலாற்றைக் கோப்பைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. எப்போது வந்தார், எப்போது கிளம்பினார் என்று பார்த்தால்தான் ஆள் புரிவார்.

1955-ல் லிவர்பூலில் பிறந்தவர். பக்கத்திலேயே உள்ள டிரான்மியர் ரோவர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டே லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு படித்தார். அந்தக் காலத்துக் கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டுக் கிளப்பில் சேர்ந்தவர்கள். 1975-ல் மான்செஸ்டர் யுனைடெட் அவரை வாங்கியபோது, மேனேஜர் டாமி டாக்கர்ட்டி படிப்பை முடிக்க அனுமதித்தார். யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் ஐம்பதாயிரம் பேர் முன்னால் வலது ஓரத்தில் ஓடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்திருக்கிற மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'பந்து போனால் வேறு வேலை இருக்கிறது' என்ற நினைப்பு அப்போதே அவருக்குள் விழுந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்தால் அந்த ஊகம் தப்பாகத் தெரியவில்லை.

விங்கராக, அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குகிறவராக, அவர் ஜார்ஜ் பெஸ்ட் மாதிரி மாயாஜாலக்காரர் இல்லை. நேராக ஓடுவார், சரியாகக் கிராஸ் போடுவார், பந்து எதிரணிக்குப் போனால் திரும்பி ஓடிவந்து தன் பக்கத்துத் தடுப்பாட்டக்காரருக்கு உதவுவார். மேனேஜர்களுக்குப் பிடிக்கிற வகை. இங்கிலாந்துக்காக 42 ஆட்டம், 7 கோல். யுனைடெட்டுக்காக 396 ஆட்டம், 70 கோல். எல்லா அடுக்குக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1977 இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்ற அணியில் இருந்தார். இதையெல்லாம் விட எனக்குப் பிடித்த எண் 207. 1977 ஜனவரியிலிருந்து 1981 நவம்பர் வரை யுனைடெட்டின் லீக் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் தொடர்ச்சியாக 207 ஆட்டம் ஆடினார். கோல்கீப்பரை விட்டுவிட்டால் அந்தக் கிளப்பில் அதுதான் சாதனை. மைதானம் சேறாகக் கிடந்த, பின்னாலிருந்து காலை வாரினாலும் நடுவர் கண்டுகொள்ளாத காலம் அது. அதில் ஒரு விங்கர் ஐந்து வருஷம் உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் ஓடினார் என்பதே அதிசயம்.

அந்த ஓட்டம் எப்படி நின்றது என்று பார்க்க வேண்டும். 1981 நவம்பர் 18, வெம்ப்ளி. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஹங்கேரியுடன் ஆட்டம். இங்கிலாந்து 1-0 என்று ஜெயித்து 1982 ஸ்பெயின் போட்டிக்குத் தகுதி பெற்றது, நாடே கொண்டாடியது. அதே ஆட்டத்தில் யோசெஃப் டோத் என்ற ஹங்கேரி வீரரின் டாக்கிளில் காப்பெல்லின் முழங்கால் போனது. அறுவை சிகிச்சை செய்து, தேறி, ஸ்பெயினுக்கும் போனார். பிரான்ஸ், செக்கோஸ்லோவாக்கியா, குவைத், மேற்கு ஜெர்மனி என்று நான்கு ஆட்டம் ஆடினார். ஜெயித்தே ஆகவேண்டிய கடைசி ஆட்டம் ஸ்பெயினோடு. அதற்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இங்கிலாந்து ஒரு ஆட்டத்திலும் தோற்காமலேயே வீடு திரும்பியது. அடுத்த வருஷம் யுனைடெட் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோதும் அவர் களத்தில் இல்லை. 1983 அக்டோபரில், 28 வயதில், விளையாட்டை விட்டார். விங்கருக்கு அதுதான் உச்ச வயது.

விட்டவர் சும்மா இருக்கவில்லை. எட்டே மாதத்தில், 1984 ஜூனில், கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் தலைவர் ரான் நோட்ஸ் அவரை மேனேஜர் ஆக்கினார். வயது இன்னும் 28 தான். லீக்கிலேயே மிக இளைய மேனேஜர்களில் ஒருவர். அணியில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். பேலஸ் அப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்த, கையில் காசு இல்லாத தென் லண்டன் கிளப்.

காப்பெல்லின் உண்மையான கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிந்தது. காசில்லாதவன் சந்தையில் எங்கே தேடுவான்? கடை மூடும் நேரத்தில், ஓரத்தில் ஒதுக்கிப் போட்டதைத்தான் பார்ப்பான். லீக்குக்கு வெளியே, வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பந்து உதைக்கிறவர்களை அவர் தேடினார். 1985-ல் கிரீனிச் பரோ என்ற சின்ன அணியிலிருந்து, இருபத்திரண்டு வயதை எட்டப்போகிற ஒரு பையன் சோதனை ஆட்டத்துக்கு வந்தான். பல கிளப்புகள் வேண்டாம் என்று சொன்னவன். அவனுக்குப் பேலஸ் கொடுத்த விலை, உடற்பயிற்சிக்கான ஒரு செட் எடைக்கற்கள் என்பது இங்கிலாந்துக் கால்பந்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்தப் பையன்தான் இயன் ரைட். லெஸ்டரில் கோல் அடிக்கத் திணறிக்கொண்டிருந்த மார்க் பிரைட்டை ரைட்டோடு ஜோடி சேர்த்தார். கண்ணாடி பதிக்கும் வேலை பார்த்த ஆலன் பார்டியூ யோவில் என்ற அணியிலிருந்து வந்தார். ஆண்டி கிரே டல்விச் ஹாம்லெட்டிலிருந்து. பார்டியூவின் பெயரை மட்டும் மறக்காதீர்கள், இன்னும் இரண்டு தடவை வரும்.

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் உழைத்து, 1989-ல் பிளே-ஆஃப் (மேலே ஏறும் கடைசி இடத்துக்கான நாக்-அவுட் ஆட்டங்கள்) வழியாக, அப்போது மேல் அடுக்கான முதல் டிவிஷனுக்கு ஏறினார். பிளாக்பர்னிடம் அவர்கள் ஊரில் 3-1 தோல்வி; சொந்த மைதானத்தில், கூடுதல் நேரத்தில் 3-0 வெற்றி.

புது சீசன் தொடங்கிய ஒரு மாதத்துக்குள்ளேயே அடி விழுந்தது. 1989 செப்டம்பர் 12, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம், லிவர்பூல் 9 பேலஸ் 0. எட்டு வெவ்வேறு லிவர்பூல் வீரர்கள் கோல் அடித்தார்கள். கிளப்பை விட்டுக் கிளம்பவிருந்த ஜான் ஆல்ட்ரிட்ஜை, ரசிகர்களிடம் விடைபெறட்டும் என்று, பெஞ்சிலிருந்து கூப்பிட்டு ஒரு பெனால்டியை அடிக்க விட்டார்கள். விருந்தாளியை வைத்துக்கொண்டே பிரிவுபசார விழா நடத்துவது போல. பேலஸுக்கும் ஒரு பெனால்டி கிடைத்தது. கேப்டன் ஜெஃப் தாமஸ் அதையும் விட்டார். காப்பெல் பிறந்த ஊரில், அவருடைய முகத்துக்கு நேரே நடந்தது இது.

புலம்பலுக்குப் பதில் அவர் செய்தது ஷாப்பிங். பிரிஸ்டல் ரோவர்ஸிலிருந்து நைஜல் மார்ட்டினைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கோல்கீப்பர் அவர். தடுப்பாட்டத்துக்கு நியூகாசிலிலிருந்து ஆண்டி தார்ன். ஏழு மாதம் கழித்து, 1990 ஏப்ரல் 8, வில்லா பார்க்கில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. எதிரே அதே லிவர்பூல்; அந்த வருஷ லீக் சாம்பியனாகப் போகிற அணி. கால் முறிந்த இயன் ரைட் இல்லை. இடைவேளையில் லிவர்பூல் 1-0 முன்னிலை.

முழு ஆட்டமும் பார்க்க நேரம் இல்லையென்றால் இரண்டாம் பாதியையும் கூடுதல் நேரத்தையும் மட்டுமாவது பாருங்கள். இடைவேளை முடிந்து பந்தைத் தொட்ட அரை நிமிடத்துக்குள் மார்க் பிரைட் 1-1 ஆக்குகிறார். அடுத்து ஒரு ஃப்ரீ கிக்கில் கேரி ஓ'ரைலி 2-1. லிவர்பூல் இரண்டே நிமிட இடைவெளியில் மக்மான், பார்ன்ஸ் மூலம் 3-2. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மறுபடி ஒரு ஃப்ரீ கிக், பந்து பெட்டிக்குள் பம்பரமாய்ச் சுற்றி, ஆண்டி கிரேயின் தலையில் பட்டு 3-3. கூடுதல் நேரத்தில், 109-வது நிமிடம், கார்னர். முதல் கம்பத்துக்குப் பக்கத்தில் தார்ன் தலையால் பின்னுக்குத் தட்டுகிறார். பின்னால் காத்திருந்த பார்டியூ முட்டி உள்ளே தள்ளுகிறார். 4-3.

நான்கு கோலில் மூன்று நின்ற பந்தில் (ஃப்ரீ கிக், கார்னர்) வந்தவை என்பதைக் கவனியுங்கள். பந்து ஓடும்போது லிவர்பூலை யாராலும் ஒன்றும் செய்ய முடியாத காலம் அது. ஆனால் நின்ற பந்து ஓரிடத்துக்கு வந்து விழும்போது, உயரமும் முரட்டுத்தனமும் இருக்கிற சின்ன அணிக்கும் சம வாய்ப்பு உண்டு. இன்றைக்கு ஒவ்வொரு கிளப்பும் இதற்கென்றே தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கிறது. 9-0 வாங்கியவர் அதே எதிரியிடம் ஏழு மாதத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்; படித்த புத்தி வீணாகவில்லை.

இறுதி ஆட்டம் அவருடைய பழைய கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டோடு. அலெக்ஸ் ஃபெர்குசன் அங்கே மேனேஜராக நான்காவது சீசனை முடிக்கிறார், ஒரு கோப்பைகூட இல்லை, வேலை போகப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. காப்பெல் இயன் ரைட்டைப் பெஞ்சில் வைத்திருந்து 69-வது நிமிடத்தில் இறக்கினார். மூன்றே நிமிடத்தில் ரைட் ஒரு கோல், கூடுதல் நேரம் தொடங்கியதும் இன்னொன்று. பேலஸ் 3-2. கோப்பைக்கு ஏழு நிமிடம் பாக்கி இருக்கும்போது மார்க் ஹியூஸ் சமன் செய்தார். மறு ஆட்டத்தில் 1-0 என்று யுனைடெட் ஜெயித்தது; அங்கே ஃபெர்குசனின் முதல் கோப்பை. அந்த ஏழு நிமிடம் தாங்கியிருந்தால் ஃபெர்குசனின் கதி என்னவாகியிருக்கும் என்று ரசிகர்கள் இன்றும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் அந்த விளையாட்டுக்கு வரவில்லை.

அடுத்த சீசனில் பேலஸ் லீக்கில் மூன்றாம் இடம். லீக்கில் கிளப் பிடித்த மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுதான். இங்கிலாந்து கிளப்புகள் மீதான ஐரோப்பியத் தடை அப்போதுதான் தளர்ந்திருந்தது. ஐரோப்பியக் கிளப் போட்டியான யூஈஎஃப்ஏ கோப்பையில் இருந்த ஒரே இடம் இரண்டாமிடம் பிடித்த லிவர்பூலுக்குப் போனது. அதன்பிறகு சரிவு. தலைவர் நோட்ஸ் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கறுப்பின வீரர்களைப் பற்றிப் பேசிய பேச்சு, கறுப்பின வீரர்களால் மேலே வந்த அந்த அணியின் ஓய்வறையில் கசப்பைக் கொட்டியது. ரைட் ஆர்சனலுக்குப் போனார். 1993-ல், முதல் பிரீமியர் லீக் சீசனின் கடைசி நாளில், பேலஸ் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்று, 49 புள்ளிகள் எடுத்தும் கோல் வித்தியாசத்தில் கீழ் அடுக்குக்கு இறங்கியது. அன்று கோல் அடித்தவர்களில் ரைட்டும் ஒருவர். ஒன்பது வருஷம் கட்டியதை விட்டுவிட்டு காப்பெல் ராஜினாமா செய்தார்.

1996 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி கூப்பிட்டது. இன்றைய சிட்டி அல்ல. இரண்டாம் அடுக்கில் கிடந்து, மேனேஜர்களை மென்று துப்பிக்கொண்டிருந்த சிட்டி. 33 நாள், ஆறு ஆட்டம். அழுத்தம் தாங்கவில்லை, உடல்நிலை சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மன அழுத்தம் என்ற சொல்லைக் கால்பந்தில் வெளியே சொன்னால் கோழை என்று முத்திரை குத்துகிற காலம். பத்திரிகைகள் கேலி செய்தன. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 33 நாளில் தன்னால் முடியாது என்று தெரிந்துகொண்டவர், 300 நாள் சம்பளம் வாங்கிக்கொண்டு கிளப்பையும் தன்னையும் சேர்த்துக் கெடுத்தவரைவிட மேல்.

பேலஸுக்குத் திரும்பத் திரும்பப் போன கதையைச் சுருக்கிவிடுகிறேன், இல்லையென்றால் தலை சுற்றும். 1997 வசந்தத்தில் திடீரென மறுபடி பொறுப்பேற்று, வெம்ப்ளி பிளே-ஆஃப் இறுதியில் டேவிட் ஹாப்கின் கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். மறு வருஷமே இறங்கியது. கிளப் கைமாறி, திவாலாகி, நிர்வாகிகள் கையில் போன 1999-ல், விற்றது போக மிஞ்சிய வீரர்களை வைத்து இறங்கவிடாமல் காப்பாற்றினார். 2000-ல் புது முதலாளி வந்ததும் வெளியே.

2002 ஏப்ரல் மாதத்துக் காட்சி ஒன்று. அப்போது காப்பெல் பிரென்ட்ஃபோர்டு மேனேஜர். மூன்றாம் அடுக்கில் சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் நேரடியாக மேலே. எதிரணி ரெடிங், டிரா செய்தாலே அவர்கள் மேலே. எதிரணி மேனேஜர் யார்? ஆலன் பார்டியூ. பிரென்ட்ஃபோர்டு முன்னிலையில் இருந்தது, ரெடிங் சமன் செய்தது, 1-1. சிஷ்யன் ஏறினார், குரு பிளே-ஆஃபுக்குப் போய் ஸ்டோக்கிடம் தோற்று ராஜினாமா செய்தார். 2003-ல் பார்டியூ ரெடிங்கை விட்டு வெஸ்ட் ஹாமுக்குத் தாவினார். இடையில் பிரைட்டனில் ஒரு வருஷம் இருந்த காப்பெல்லை, காலியான அந்த நாற்காலிக்கு ரெடிங் கூப்பிட்டது.

ரெடிங்கில்தான் அவருடைய முழு உருவம் தெரிந்தது. இரண்டு சீசன் சத்தமில்லாமல் கட்டினார். 2005 கோடையில் அயர்லாந்தின் கார்க் சிட்டியிலிருந்து கெவின் டாய்ல் என்ற ஸ்ட்ரைக்கரை 78,000 பவுண்டுக்கு வாங்கினார். பிரீமியர் லீக் வீரர் ஒருவரின் சில வாரச் சம்பளம் அது. கூடவே அதே கிளப்பிலிருந்து ஷேன் லாங் என்ற பையன். டாய்ல் அந்த சீசனில் லீக்கில் 18 கோல், அடுத்த வருஷம் பிரீமியர் லீகில் 13. 2009-ல் வுல்வ்ஸ் அவரை 65 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அணியில் இருந்த மற்றவர்களும் மலிவாக வந்தவர்கள்தான்: ஐஸ்லாந்துக்காரர் இங்கிமார்சன், அமெரிக்க கோல்கீப்பர் ஹானெமான், பெரிய கிளப்புகள் கழித்துவிட்ட சிட்வெல், ஹார்ப்பர். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

2005-06 சீசனின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் பிளிமத்திடம் தோற்றார்கள். அடுத்த தோல்வி பிப்ரவரியில், லூட்டனில். நடுவே 33 லீக் ஆட்டம் தோல்வியில்லை. மொத்தம் 46 ஆட்டத்தில் 31 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி, அடித்தது 99, வாங்கியது 32, புள்ளிகள் 106. இரண்டாம் அடுக்கில் அந்த 106-ஐ அதற்குப் பிறகு யாரும் தாண்டவில்லை. 1871-ல் தொடங்கிய கிளப் முதல் தடவையாக மேல் டிவிஷனுக்குப் போனது. ஏற்றம் உறுதியான நாளிலும் காப்பெல் முகத்தில் அதே கல்லூரி வாத்தியார் பாவனைதான். பிரீமியர் லீகில் முதல் வருஷம் எட்டாமிடம், 55 புள்ளி; ஒரே ஒரு புள்ளி கூட இருந்திருந்தால் ஐரோப்பியப் போட்டிக்கான சண்டையில் போல்டனோடு சமம். சக மேனேஜர்கள் வாக்களித்துத் தரும் ஆண்டின் சிறந்த மேனேஜர் விருது 2006, 2007 இரண்டு வருஷமும் அவருக்கே. ஃபெர்குசனும் மொரீன்யோவும் வெங்கரும் ஒரே லீகில் இருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இரண்டாம் வருஷம் அவர் பணம் கொட்டி அணியைப் புதுப்பிக்கவில்லை. ஏற்றிவிட்ட பையன்களையே நம்பினார். அது அவர் செய்த தப்பு என்றுதான் நினைக்கிறேன். போர்ட்ஸ்மவுத்திடம் 7-4 என்று தோற்ற ஆட்டம் பிரீமியர் லீகிலேயே அதிக கோல் விழுந்த ஆட்டம். கடைசி நாளில் டெர்பியை 4-0 என்று அடித்தும், கோல் வித்தியாசத்தில் இறக்கம். 1993 மாதிரியே. ரசிகர்கள் போகாதே என்றார்கள், இருந்தார். 2009 பிளே-ஆஃபில் பர்ன்லியிடம் தோற்ற இரவே ராஜினாமா. அந்த பர்ன்லியின் மேனேஜர் ஓவன் காயில்; பிற்பாடு நம் சென்னையின் எஃப்.சி.யைக் கடைசி வரிசையிலிருந்து தூக்கி ஐ.எஸ்.எல். இறுதிக்குக் கொண்டுபோனவர்.

2010-ல் பிரிஸ்டல் சிட்டி. உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்த கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸையே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். இரண்டே போட்டி ஆட்டம், இரண்டும் தோல்வி. ஆகஸ்ட் 12-ஆம் தேதி விலகினார். இந்த வேலைக்குத் தேவையான வேகம் தனக்குள் வரவில்லை என்பதுதான் சொன்ன காரணத்தின் சாரம். இதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஏப்ரலில் ஒப்புக்கொண்டு, ஆள் எடுத்து, சீசன் தொடங்கி ஒரு வாரத்தில் மனசு இல்லை என்றால் கிளப் என்ன செய்யும்?

அதனால்தான் 2016-ல் 61 வயதில் அவர் கொச்சிக்கு வந்தபோது ஆச்சரியமாக இருந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த அணி. முதல் மூன்று ஆட்டத்தில் கோலே இல்லை. காப்பெல் பாணி மெல்ல வந்தது: ஏரன் ஹியூஸ், செட்ரிக் ஹெங்பார்ட் வைத்துப் பின்னால் சுவர், முன்னால் சி.கே. வினீத் பாதி சீசனில் வந்து ஐந்து கோல். டிசம்பர் 18, கொச்சி, இறுதி ஆட்டம், மைதானம் முழுக்க மஞ்சள். முகமது ரஃபி தலையால் முட்டி 1-0. இடைவேளைக்கு முன்பே எதிரணியான கொல்கத்தாவின் செரேனோ ஒரு கார்னரில் 1-1. 1990-ல் நின்ற பந்தால் வாழ்ந்தவர் அன்று நின்ற பந்தால் மாட்டினார். பெனால்டியில் 4-3 என்று கொல்கத்தா. கொல்கத்தாவின் ஜுவல் ராஜா கடைசி உதையை உள்ளே போட்டதும் அத்தனை பெரிய மைதானம் நிசப்தமானதை டி.வி.யிலேயே உணர முடிந்தது.

அடுத்த சீசன் கொச்சியில் இருக்கவில்லை. புதிதாகப் பிறந்த ஜாம்ஷெட்பூருக்குப் போய் ஐந்தாமிடம். 2018-ல் அவரைக் கூப்பிட்டது, அந்த இறுதியில் அவரைத் தோற்கடித்த அதே கொல்கத்தா. ஆறாமிடம். சீசன் முடிந்ததும் கிளம்பினார். அதன்பின் எந்த அணியின் பெஞ்சிலும் அவர் உட்காரவில்லை.